ரசிகர்கள் எடுக்கும் அறிவியல் புனைகதைப் படங்கள்: பளபளப்பு இருந்தும் சில ஏன் மனத்தில் நிற்பதில்லை?

பாலாற்று மணல் (காட்பாடி):

அனைவருக்கும் வணக்கம். நான் அச்சகத்தில் பக்க வடிவமைப்பு செய்பவன். பார்வையாளன் என்பதற்கு மேல் திரைத்துறையோடு எனக்குத் தொடர்பு இல்லை. ஸ்டார் டிரெக், ஸ்டார் வார்ஸ் போன்ற கதையுலகங்களை எடுத்துக்கொண்டு ரசிகர்களே படமாக்கி இணையத்தில் இலவசமாக வெளியிடும் படங்களை மூன்று ஆண்டுகளாக விடாமல் பார்த்து வருகிறேன். அவற்றில் எனக்கு விளங்காத ஒன்று உண்டு. கணினி வரைகலையில் பெரிய நிறுவனப் படங்களுக்கு ஈடாக நிற்கும் சில படங்கள் மறுநாளே மறந்துபோகின்றன. சுவர் வெறும் தெர்மாகோல் என்பது பார்த்தவுடன் தெரிகிற, நடிப்பும் தட்டுத்தடுமாறுகிற வேறு சில படங்களையோ நான் நான்கைந்து முறை பார்த்திருக்கிறேன்.

இப்போது இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. என் அக்காள் மகனும் அவனுடைய கல்லூரி நண்பர்கள் மூவரும் சேர்ந்து, ஸ்டார் வார்ஸ் உலகத்தில் நடப்பதாக 42 நிமிடப் படம் ஒன்றை எடுத்திருக்கிறார்கள். பாலாற்றின் வறண்ட மணற்பரப்புதான் அவர்களுடைய பாலைவனக் கிரகம். ஆம்பூரிலிருந்து ஷூ தைத்து மிஞ்சிய துண்டுத் தோலை வாங்கி வந்து உடையாகத் தைத்து, அதைப் போட்டுக்கொண்டு கத்தரி வெயிலில் நடித்திருக்கிறார்கள். ஒரு விண்கலம் ஆற்று மணலில் இறங்கும் காட்சியை பிளெண்டர் மென்பொருளில் அவர்களே உருவாக்கியிருக்கிறார்கள். கலத்தின் கால் மணலில் அமிழும்போது பக்கத்தில் நிற்கும் ஒரு நாணல் சாய்ந்து, மெதுவாக நிமிர்கிறது. அந்த ஒற்றை நாணலுக்கு மட்டும் ஒரு வாரம் பிடித்தது என்று பையன் சொன்னான்.

வீட்டில் போட்டுக் காட்டியபோது அந்தக் காட்சிக்கு எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் பத்தாவது நிமிடத்துக்குள் ஒவ்வொருவராகக் கைப்பேசியைக் கையில் எடுத்துவிட்டார்கள். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. குறை எங்கே இருக்கிறது என்று அவன் கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தகைய படங்களின் தரம் என்பது உண்மையில் எதில் இருக்கிறது? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் அவனிடம் அப்படியே எடுத்துச் சொல்வேன்.

குடியாத்தத்தான்:

நாணலை அசைத்த அந்தத் தம்பிக்கு முதலில் என் வாழ்த்தைச் சொல்லுங்கள். ஒரு வாரம் ஒரு நாணலுக்காக உட்கார்ந்திருந்தவன் எந்தக் குறையையும் சரிசெய்துவிடுவான்.

நான் 14 ஆண்டுகளாகக் கல்யாண வீடியோக்களுக்கு எடிட்டிங் செய்து வருகிறேன். உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு எழுந்த முதல் கேள்வி, வசனத்தை அவர்கள் எப்படிப் பதிவு செய்தார்கள் என்பதுதான். திறந்த ஆற்று மணலில், காற்று வீசும்போது, கேமராவில் உள்ள மைக்கையே நம்பி எடுத்திருந்தால், பார்த்தவர்கள் கைப்பேசியை எடுத்ததற்கு அதுவே போதுமான காரணம். படம் சற்று மங்கலாக இருந்தால் கண் இரண்டு நிமிடத்தில் பழகிக்கொள்ளும். பேச்சு தெளிவில்லாமல் இருந்தால் காது பழகுவதே இல்லை. ஒவ்வொரு வசனத்துக்கும் உற்றுக் கேட்டுக் களைத்து, கதையை விட்டுவிடுகிறது. நான் பார்த்த ரசிகர் படங்களில் பாதிக்கு மேல் இங்கேதான் தோற்றிருக்கின்றன. வரைகலைக்கு ஓர் ஆண்டு, ஒலிக்கு ஒரே ஓர் இரவு என்று நேரத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள்.

தம்பிகள் நேசிக்கிற ஸ்டார் வார்ஸ் உலகமே பெரிதும் ஒலியால் கட்டப்பட்டது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். 1977இல் வந்த முதல் படத்துக்கு ஒலிகளை உருவாக்கிய பென் பர்ட், ஒளிவாளின் ரீங்காரத்தைப் பழைய திரைப்பட புரொஜெக்டரின் மோட்டார் ஓசையிலிருந்தும், தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே மைக் போனபோது எழுந்த இரைச்சலிலிருந்தும் எடுத்தார். எதிரிகளின் போர்க்கலம் பாய்ந்து வரும் அலறல், யானையின் பிளிறலும் ஈரச் சாலையில் கார் ஓடும் ஓசையும் கலந்தது. துப்பாக்கிச் சத்தத்துக்கு, ஒரு கோபுரத்தை இழுத்துக் கட்டியிருந்த கம்பியைச் சுத்தியலால் தட்டிப் பதிவு செய்தார். இவற்றில் எதற்கும் பெரும் பணம் வேண்டியதில்லை. கேட்கத் தெரிந்த காதும் பொறுமையும்தான் வேண்டும். நம் ஊர்ப் பக்கத்தில் இல்லாத ஓசையா? இராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் பதனிடும் இடங்களில், ஈரத் தோலைச் சுமந்துகொண்டு மெதுவாகச் சுழலும் பெரிய மர டிரம்மின் பக்கத்தில் ஒரு முறை நின்று பாருங்கள். அந்த உறுமல் காதுக்குக் கேட்பதற்கு முன்பே நெஞ்சுக்கூட்டில் அதிர்கிறது. ஒரு கலம் தரையிறங்குவதற்கு அதைவிடப் பொருத்தமான ஓசையை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒலித் தொகுப்புகளில் தேடினாலும் கிடைக்காது. அந்தத் தொகுப்புகளையே எல்லோரும் எடுத்துப் போடுவதால்தான் ரசிகர் படங்கள் பலவும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன.

வசனத்தை வீட்டில், கதவைச் சாத்தி, நான்கு போர்வைகளைத் தொங்கவிட்டு, மீண்டும் டப்பிங் செய்யச் சொல்லுங்கள். படத்தில் வேறு எதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்துவிட்டு, அதே குடும்பத்தாருக்கு மறுபடியும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கோட்டை வாசல் (வேலூர்):

ஒலியைப் பற்றி நண்பர் சொன்னதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வி கேட்டவர், தெர்மாகோல் சுவர் உள்ள படத்தை நான்கைந்து முறை பார்த்ததாக எழுதியிருக்கிறார். அதற்கு ஒலி மட்டுமே காரணமாக இருக்க முடியாது. ரசிகர் படத்துக்கென்று ஒரு தனி ஈர்ப்பு இருக்கிறது. ஒரு கதையை அதன் உரிமையாளர் விட்டுவிட்டுப் போன இடத்திலிருந்து, அதை மறக்க முடியாத ஒருவர் எடுத்துத் தொடர்கிறார் என்பதே அந்த ஈர்ப்பு.

அசல் ஸ்டார் டிரெக் தொடரின் ஒவ்வோர் அத்தியாயத்தின் தொடக்கத்திலும் ஐந்தாண்டுப் பயணம் என்று அறிவிக்கப்படும். 1966இல் தொடங்கிய தொடரோ 1969இல், மூன்று பருவங்களோடு நின்றுவிட்டது. அந்த மீதிப் பயணத்தை முடித்துவைக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு, ஸ்டார் டிரெக் கன்டினியூஸ் என்ற பெயரில் ரசிகர்கள் 2013 முதல் 2017 வரை 11 அத்தியாயங்களை எடுத்தார்கள். பழைய அரங்கு, பழைய வண்ண விளக்கு, பழைய தொலைக்காட்சியின் 4:3 அளவுச் சட்டகம் ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொண்டார்கள். இன்றைய கருவிகளைக் கொண்டு அதைவிடப் பளபளப்பாக எடுத்திருக்க முடியும். வேண்டுமென்றே அப்படிச் செய்யவில்லை. அதற்கு முன்பே, நியூ வாயேஜஸ் என்ற மற்றொரு ரசிகர் தொடரின் 2007ஆம் ஆண்டு அத்தியாயம் ஒன்றில், அசல் தொடரில் சுலு என்ற பாத்திரத்தில் நடித்த ஜார்ஜ் டக்கேய் அதே பாத்திரத்தில் மீண்டும் தோன்றினார். அந்த அத்தியாயம் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. தொழில்முறைப் படைப்புகளோடு ஒரே வரிசையில் ஒரு ரசிகர் படைப்பு வைத்துப் பார்க்கப்பட்டது என்பதை, இவையெல்லாம் விளையாட்டுப் பிள்ளைகளின் வேலை என்று ஒதுக்குபவர்களுக்கு நான் எப்போதும் சொல்வேன்.

இரண்டாவது, தம்மிடம் உள்ள வசதிக்குப் பொருந்திய வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது. என் பார்வையில் இதுவே மிக முக்கியமானது. 2014இல் வந்த பிரிலூட் டு அக்சனார், ஸ்டார் டிரெக் உலகத்தை வைத்து எடுத்த 21 நிமிட ரசிகர் படம். ஒரு பெரிய விண்வெளிப் போரைச் சொல்ல வந்தவர்கள் அதை ஆவணப்படம் போல அமைத்தார்கள். போரில் இருந்த தளபதிகள் கேமரா முன் உட்கார்ந்து, நடந்து முடிந்ததை நினைவுகூர்கிறார்கள். போர்க் காட்சி இடையிடையேதான் வருகிறது. அனுபவம் மிக்க நடிகரின் முகமும் குரலும் போரைச் சுமப்பதால், காட்டப்படாத போரும் நமக்குத் தெரிகிறது. 2011இல் வந்த போர்ட்டல்: நோ எஸ்கேப், ஒரு கணினி விளையாட்டை வைத்து எடுத்த ஏழு நிமிடப் படம். சிறை அறையில் கண் விழிக்கும் ஒரு பெண்; பேச்சு ஏறத்தாழ இல்லை. அவள் எவ்வளவு காலமாக அங்கே இருக்கிறாள் என்று அவளோடு சேர்ந்து நாமும் கண்டுபிடிக்கிறோம். அதை இயக்கிய டேன் டிராக்டன்பெர்க் 2016இல் முழுநீளத் திரைப்பட இயக்குநரானார். சிறந்த ரசிகர் படங்கள் பெரும்பாலும் குறுகியவையாக இருப்பது தற்செயல் அல்ல. உங்கள் அக்காள் மகனிடம் 42 நிமிடத்துக்கான நடிகர்கள் இருக்கிறார்களா, 12 நிமிடத்துக்கான நடிகர்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். கலம் இறங்கியபின் யார் வெளியே வருகிறார், அவருக்கு என்ன வேண்டும் என்பதையும் கேளுங்கள். அதற்கு ஒரே வாக்கியத்தில் அவனால் பதில் சொல்ல முடியாவிட்டால், குறை அங்கேதான் இருக்கிறது.

ஜவ்வாது மலையடி (ஆலங்காயம்):

கோட்டை வாசல் ஐயா சொன்னதில் ஒன்றோடு நான் மாறுபடுகிறேன். நான் அறிவியல் ஆசிரியை. ஸ்டார் டிரெக் தொடரின் ஓர் அத்தியாயத்தைக்கூடப் பார்த்ததில்லை. ஐயா குறிப்பிட்ட அந்த 21 நிமிடப் படத்தை என் மாணவன் ஒருவன் காட்டியபோது, எந்தப் போர், எந்த இனம் என்று எதுவும் தெரியாமலே முழுவதும் பார்த்தேன். விட்டுப்போன கதையைத் தொடர்வதுதான் ஈர்ப்பு என்றால் எனக்கு அது சலித்திருக்க வேண்டும். அசலை அறிந்தவர்களுக்கு மட்டுமே புரிகிற படத்தை, அறிந்தவர்களே கூடப் பழக்கத்தால்தான் பாராட்டுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய வசனத்தையும் பழைய இசையையும் நினைவூட்டிக் கைதட்டு வாங்குவது எளிது. அந்த நினைவூட்டல்களை எடுத்துவிட்டாலும் மிஞ்சுவது எதுவோ அதைத்தான் தரம் என்று நான் சொல்வேன்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். தம்பிகளின் படம் தமிழிலா, ஆங்கிலத்திலா? பின்லாந்து இளைஞர்கள் ஏழு ஆண்டுகள் பாடுபட்டு, ஒரு சிறிய குடியிருப்பில், பின்னணியைக் கணினியில் மாற்றுவதற்கான நீலத் திரை கட்டி எடுத்த ஸ்டார் ரெக்: இன் தி பிர்கினிங் என்ற 103 நிமிடப் பகடிப் படம் 2005இல் இணையத்தில் இலவசமாக வெளிவந்தது. அதில் அவர்கள் தங்கள் தாய்மொழியில்தான் பேசினார்கள். உலகம் அதை வசன வரிகளோடு பார்த்தது. அதே குழுவினர் பின்னர் 2012இல் திரையரங்குக்கே ஒரு படம் எடுத்தார்கள். நம் பிள்ளைகள் வேற்றுக் கிரகம் என்றவுடன் வராத ஆங்கிலத்தில் பேச முயன்று விறைத்துப்போவதை நான் பள்ளி விழாக்களில் பார்த்திருக்கிறேன்.

இங்கிருந்து சிறிது தொலைவில்தான் காவலூர் வானோக்கு நிலையம் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது அதைக் கவனித்த நிலையங்களில் அதுவும் ஒன்று. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது அந்த நிகழ்வில்தான் தெரியவந்தது. அப்போது இந்த மலை வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. ஸ்டார் வார்ஸ் முதல் படம் திரைக்கு வருவதற்கு ஏறத்தாழ இரண்டரை மாதங்களுக்கு முன் அது நடந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. அந்தத் தம்பிகள் அடுத்த படத்தை இந்த மலையில் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

கோட்டை வாசல் (வேலூர்):

அம்மா சொல்வது நியாயம்; அசலை அறியாதவரையும் பிடித்து நிறுத்துவது மேலான தரம்தான். ஆயினும் அறிந்தவருக்குக் கிடைக்கும் நிறைவையும் நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

உரிமை பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் சொல்லிவிடுகிறேன். அக்சனார் குழுவினர் முழுநீளப் படத்துக்காகப் பொதுமக்களிடம் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். 2015 டிசம்பரில் ஸ்டார் டிரெக்கின் உரிமையாளர்கள் அவர்கள்மீது வழக்குத் தொடுத்தார்கள். 2017 ஜனவரியில் அது சமரசத்தில் முடிந்தது. இடையில், 2016 ஜூனில், ஸ்டார் டிரெக் ரசிகர் படங்களுக்கு விதிமுறைகள் வந்தன: ஒரு கதை 15 நிமிடத்துக்குள், இரு பகுதிகளானால் மொத்தம் 30 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும், நிதி 50,000 டாலரைத் தாண்டக் கூடாது, பங்கேற்பவர்கள் ஊதியம் பெறாத ஆர்வலர்களாக இருக்க வேண்டும். இவை ஸ்டார் வார்ஸ் உலகத்துக்குப் பொருந்தா. எனினும் எந்த உலகமானாலும் படத்தை வைத்துப் பணம் ஈட்ட முயலாதிருப்பது பாதுகாப்பானது. அந்த 15 நிமிட வரம்பைப் பலர் வெறுத்தார்கள். நானும் அன்று வருந்தினேன். பிறகு வந்த படங்களில் வளவளப்பு குறைந்திருப்பதையும் காண்கிறேன்.

பாலாற்று மணல் (காட்பாடி):

நேற்று இரவு தம்பியை உட்காரவைத்து எல்லாப் பதில்களையும் வாசித்துக் காட்டினேன். குடியாத்தம் அண்ணன் கணித்தது சரி. வசனம் முழுவதும் கேமரா மைக்கில்தான் பதிவாகியிருக்கிறது. கலம் இறங்கியபின் இருவர் ஆறு நிமிடம் நின்று பேசுகிறார்கள். அந்த ஆறு நிமிடமும் காற்றுதான் கேட்கிறது. பேசுவது ஆங்கிலத்தில். வெளியே வருபவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு அவன் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தண்ணி வேணும் மாமா, வேற ஒண்ணும் இல்ல" என்றான். பாலாற்றின் நடு மணலில் நின்றுகொண்டு ஒருவன் தண்ணீர் கேட்கிறான். அந்தக் கதை 42 நிமிடத்துக்குள் எங்கோ புதைந்து கிடந்திருக்கிறது. இப்போது அதை மட்டும் வைத்து, தமிழில் டப்பிங் செய்து, 12 நிமிடமாகச் சுருக்கப் போகிறார்கள். நாணல் அப்படியே இருக்கும்.

தோல் பதனிடும் இடத்தில் உள்ளே விட அனுமதி கிடைக்கவில்லை. அண்ணா, வேறு எந்த ஓசையை முயலலாம்?

குடியாத்தத்தான்:

ஞாயிற்றுக்கிழமை இங்கே வாருங்கள். எனக்குத் தெரிந்த விசைத்தறிக் கூடம் ஒன்று இருக்கிறது. என் ரெக்கார்டரையும் எடுத்து வருகிறேன். தறி ஓடும் ஓசையைப் பாதி வேகத்துக்குக் குறைத்துப் போட்டால் கனமான எந்திரம் ஒன்று மூச்சுவிடுவது போல இருக்கும். மின்சாரத்தை நிறுத்தியபின் தறி ஓய்ந்து நிற்கும் அந்தச் சில விநாடிகளையும் தனியாகப் பதிவு செய்வோம். கலத்தின் கால் மணலில் அமிழ்ந்து, நாணல் நிமிரும் இடத்தில் அதை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.