எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்த சந்தேக மரணம்: எந்த போலீஸிடம் போவது?

விளவங்கோடு தம்பி:

வணக்கம். களியக்காவிளைக்கு இந்தப் பக்கம்தான் எங்கள் வீடு. சித்தப்பா ரப்பர் பால்வெட்டுக்காரர். வேலையெல்லாம் கேரளப் பக்கத் தோட்டங்களில். எங்கள் ஊரில் பாதிப்பேர் அப்படித்தான், விடியுமுன் அங்கே போவார்கள், சாயங்காலம் இங்கே வருவார்கள். போன வருடக் கடைசியில் ஒருநாள் வெட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. கைவிடப்பட்ட ஒரு குவாரிக் குளத்தில் உடல் கிடைத்தது.

அங்குள்ள ஸ்டேஷனில், குடித்துவிட்டுத் தவறி விழுந்திருப்பார் என்று சொல்லி இயற்கைக்கு மாறான மரணம் என்று வழக்குப் போட்டுவிட்டார்கள். சித்தப்பா குடிக்கவே மாட்டார். குழித்துறை ஆற்றில் வெள்ளம் போகும்போது நீந்திக் கடந்தவர். பின்மண்டையில் காயம் இருந்ததை உடலைக் குளிப்பாட்டிய எல்லோரும் பார்த்தோம். போன் இன்றுவரை கிடைக்கவில்லை. கூலிப்பாக்கி விஷயமாக ஒருவருடன் அவருக்குத் தகராறு இருந்தது, அதைச் சொன்னால் யாரும் எழுதிக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

எங்கள் பக்க ஸ்டேஷனுக்குப் போனால், சம்பவம் நடந்தது கேரளா, நாங்கள் தொட முடியாது என்கிறார்கள். அங்கே போனால், முடிந்துபோனதை ஏன் கிளறுகிறீர்கள் என்கிறார்கள். சித்தியிடம் மலையாளத்தில் எழுதிய காகிதத்தில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள், அதில் என்ன இருக்கிறதென்றே எங்களுக்குத் தெரியாது. உடலை எங்கள் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்திருக்கிறோம். இனி என்ன செய்யலாம், எங்கே போவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோர்ட்டு வராந்தா:

தம்பி, உங்கள் சித்தப்பாவுக்கு என் அஞ்சலி. குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் வழக்கு நடத்துகிறவன் என்பதால் எழுதுகிறேன். "நாங்கள் தொட முடியாது" என்று சொன்னது சட்டப்படி தவறு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம் என்று நேரடியாகவே சொல்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். பதிவு செய்து சம்பந்தப்பட்ட ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை. புகார் கொடுத்தவருக்கு நகலை இலவசமாகத் தரவேண்டும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. தகவலிலேயே கொலை போன்ற குற்றம் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்சநீதிமன்றம் 2013லேயே சொல்லியாகிவிட்டது.

வாங்க மறுத்தால் எழுத்துமூலம் எஸ்.பி.க்கு அனுப்புங்கள், பதிவுத் தபாலில், ரசீதை பத்திரமாக வையுங்கள். எங்கே அனுப்புவது என்று யோசிக்க வேண்டாம், நாகர்கோவிலுக்கு ஒன்று, திருவனந்தபுரம் ரூரல் எஸ்.பி.க்கு ஒன்று. அதிலும் நடக்கவில்லை என்றால் 175(3) பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனு. உங்கள் சம்பவம் கேரளப் பக்கம் என்பதால் மனு அந்தப் பக்க நீதிமன்றத்தில்தான்.

எல்லை வழக்கு என்றாலே எனக்கு நினைவு வருவது பாறசாலை கஷாய வழக்கு. 2022 அக்டோபரில் விஷம் கலந்த கஷாயம் கொடுக்கப்பட்டது தமிழ்நாட்டுப் பக்கம், குமரி மாவட்டத்தில் உள்ள வீட்டில். இளைஞர் இறந்தது திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில். செயல் நடந்த இடத்திலும் விசாரிக்கலாம், அதன் விளைவு ஏற்பட்ட இடத்திலும் விசாரிக்கலாம் என்பது பழைய சட்டத்தின் 179, இப்போது 199. விசாரணையைத் தமிழ்நாட்டுக்கு மாற்றக் கேட்டு குற்றம் சாட்டப்பட்டவர்கள் உச்சநீதிமன்றம் வரை போனார்கள், நடக்கவில்லை. 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை நீதிமன்றம்தான் மரண தண்டனை விதித்தது. அந்த வழக்கும் முதலில் சந்தேக மரணமாகத்தான் இருந்தது, குடும்பத்தார் விடாமல் கேட்டதால்தான் கிரைம் பிராஞ்ச் கைக்குப் போனது.

தக்கலை அண்ணாச்சி:

நான் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். வக்கீல் சார் சொன்னது சரி, அதற்கு முன்னால் கையில் காகிதம் வேண்டும் மக்களே. காகிதம் இல்லாமல் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் உங்களை உட்காரக்கூடச் சொல்லமாட்டார்கள்.

இயற்கைக்கு மாறான மரணம் என்று போட்ட வழக்கு பழைய 174, இப்போது 194. பிரேத விசாரணை அறிக்கை ஸ்டேஷனிலேயே தூங்காது, ஆர்.டி.ஓ.வுக்கு, அதாவது வருவாய்க் கோட்டாட்சியருக்குப் போயாகவேண்டும். அங்கே நகல் கேளுங்கள், தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். பிரேதப் பரிசோதனைச் சான்றை வாங்கினதும் முதலில் பார்க்க வேண்டியது மண்டைக் காயம். அது உயிரோடு இருக்கும்போது பட்டதா, செத்தபின் பாறையில் இடித்ததா என்று மருத்துவர் எழுதியிருப்பார், காயத்தின் நீள அகலமும் இருக்கும். நுரையீரலில் தண்ணீர் இருந்ததா, டயாட்டம் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று பாருங்கள். டயாட்டம் என்பது குளத்துத் தண்ணீரில் உள்ள நுண்ணிய பாசி, மூழ்கும்போது மூச்சு இருந்தால் அது எலும்பு மஜ்ஜை வரை போக வாய்ப்பு உண்டு. அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. உள்ளுறுப்புகளை ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் அந்த அறிக்கை தனியாக, தாமதமாக வரும். குடித்திருந்தாரா இல்லையா என்பதற்கு அதுதான் பதில், ஸ்டேஷனில் ஒருவர் வாயால் சொன்னது பதில் இல்லை.

போன் காணவில்லை என்றாலும் நம்பர் இருக்கிறது. அழைப்பு விவரங்களைக் கம்பெனிகள் குறைந்தது 2 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது இப்போதைய உரிம நிபந்தனை. கடைசியாக எந்த டவரில் இருந்தது, யார் கூப்பிட்டார்கள் எல்லாம் கிடைக்கும், ஆனால் உங்களுக்குத் தரமாட்டார்கள், போலீஸோ கோர்ட்டோ கேட்கவேண்டும். அதனால் புகாரிலேயே அந்த நம்பரை எழுதி, விவரங்களைப் பாதுகாத்து வைக்கச் சொல்லுங்கள். கடைகளின் கேமராப் பதிவு இதற்குள் அழிந்திருக்கும். அன்று அவர் போட்டிருந்த துணி யாரிடம் இருக்கிறது? வீட்டில் இருந்தால் துவைக்காதீர்கள், காகிதப் பையில் வையுங்கள், பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் தங்கிக் கெட்டுவிடும்.

மறையூர் செல்வி:

நான் இடுக்கிக்காரி, வேலை கோட்டயத்தில். இங்கே இருப்பவர்களுக்கு அபயா வழக்கைச் சொல்லித்தர வேண்டாம், ஆனால் அந்தத் தம்பிக்காகச் சொல்கிறேன். 1992 மார்ச் 27, கான்வென்ட் கிணற்றில் அந்தக் கன்னியாஸ்திரீயின் உடல். லோக்கல் போலீஸும் தற்கொலை என்றது, கிரைம் பிராஞ்சும் தற்கொலை என்றது. 1993இல் சி.பி.ஐ. வந்தது. அவர்களும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை முடித்துவைக்கும் அறிக்கை கொடுத்தார்கள், நீதிமன்றம் ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தது. சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். கடைசியில் நின்றது யார்? அன்று ராத்திரி இடிதாங்கியின் செம்புக்கம்பி திருட ஏறிய ஒரு மனிதர். அவரை விலைபேசினார்கள், மிரட்டினார்கள், அங்கே பார்த்ததாகச் சொன்ன சாட்சியத்தை அவர் மாற்றவில்லை. 2020 டிசம்பரில் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை வந்தபோது அபயாவின் பெற்றோர் இருவரும் உயிரோடு இல்லை. 2022இல் உயர்நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீனும் கொடுத்துவிட்டது. பயமுறுத்தச் சொல்லவில்லை தம்பி, நீண்ட காலம் ஆகலாம் என்று சித்தியிடம் இப்போதே சொல்லிவையுங்கள், அவர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு அதைவிடப் பொருந்துவது கூடத்தாயி, ஒரே குடும்ப வட்டத்தில் அடுத்தடுத்துப் பலர் இறந்த கோழிக்கோடு பக்கத்து வழக்கு. 2011இல் இறந்தவரின் பிரேதப் பரிசோதனையிலேயே சயனைடு என்று வந்தும் தற்கொலை என்று மூடிவிட்டார்கள். பல வருடம் கழித்து அவர் தம்பி தகவல் உரிமையில் காகிதங்களை வாங்கிப் படித்துப் புகார் கொடுத்தார், 2019 அக்டோபரில் கல்லறைகளைத் தோண்டினார்கள். அந்த வழக்கு இன்னும் நீதிமன்றத்தில்தான் இருக்கிறது. ஆனால் அடக்கம் செய்துவிட்டோமே என்று நீங்கள் கைவிட வேண்டியதில்லை. மண்டையில் எலும்பு முறிந்திருந்தால் அது அவ்வளவு சீக்கிரம் மறையாது.

விளவங்கோடு தம்பி:

எல்லோருக்கும் நன்றி. சித்தியிடம் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன், ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, துணி பெட்டியில் அப்படியே இருக்கிறது என்றார். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு இந்த வாரமே போகிறோம். தகராறு செய்தவர் பெயரை இங்கே போடலாமா? ஒரு யூடியூப் சேனலும் பேட்டி கேட்கிறது. பிறகு, வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் பெரிய பிரச்சினைதான்.

கோர்ட்டு வராந்தா:

பெயரை இங்கே போடாதீர்கள். அவர் செய்தாரா என்பது நமக்குத் தெரியாது. செய்யாதவராக இருந்தால் அது ஒரு குடும்பத்துக்கு நாம் செய்யும் அநியாயம். செய்தவராக இருந்தால் எச்சரிக்கை கொடுத்தது போல ஆகும். புகாரில் மட்டும் எழுதுங்கள், "சந்தேகிக்கிறோம், காரணம் இது" என்று. பேட்டி இப்போது வேண்டாம், சித்தி கேமரா முன் சொல்வதற்கும் பிறகு கூண்டில் சொல்வதற்கும் ஒரு நாள் வித்தியாசம் வந்தாலும் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

பணத்துக்கு வழி இருக்கிறது. சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மனுதாரராகச் சித்தியைப் போடுங்கள், நெய்யாற்றின்கரை தாலுகா சட்டப் பணிக் குழுவில் விண்ணப்பியுங்கள். எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டால் 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காவிட்டால் அதையே எழுதிக் கேளுங்கள்.

விளவங்கோடு தம்பி:

சரி சார். மனுவைத் தமிழில் எழுதலாமா? சித்திக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது.

கோர்ட்டு வராந்தா:

தமிழிலேயே எழுதி, சித்தி கையெழுத்துப் போட்டு, மலையாள மொழிபெயர்ப்பைத் தனித் தாளில் இணையுங்கள். முன்பு கையெழுத்து வாங்கிய காகிதம் வாசித்துக் காட்டப்படவில்லை என்பதையும் அதே மனுவில் ஒரு பத்தியாகச் சேருங்கள்.