வார்டு வேலைகளில் பிள்ளைகளின் கருத்தை எப்படிச் சேர்ப்பது?

கேள்வி: தெருவிளக்கு
சென்னையில் டிசம்பர் 10 பகுதி சபைக்கு (வார்டின் ஒரு பகுதி வாக்காளர்கள் கூடும் கூட்டம்) நடைபாதை, விளக்கு, பூங்கா பற்றிக் கோரிக்கை தயாரிக்கிறோம். இந்தத் தெருக்களில் அதிகம் நடப்பவர்கள் 12 முதல் 18 வயதுப் பிள்ளைகள்தான். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வாயே திறப்பதில்லை. திறந்தால் நீச்சல் குளம் கேட்கிறார்கள். பகுதி சபை வாக்காளர்களுக்கானது என்பதால் இவர்கள் சொல்வது எடுபடுமா?

பதில்: வரைபடம்
கூட்டத்தை விடுங்கள் சார், நடக்க வையுங்கள். ‘என்ன வேண்டும்’ என்று கேட்டால் நீச்சல் குளம்தான் வரும். ‘டியூஷன் விட்டு எந்த வழியாக வருவாய், எந்தச் சந்துப் பக்கம் போக மாட்டாய், ஏன்’ என்று கேளுங்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தை 1:1000 அளவில் ஏ1 தாளில் அச்சடித்தால் 840க்கு 590 மீட்டர் அடங்கும். குழுவுக்கு ஐந்தாறு பேர். கூடவே போகும் பெரியவர் பாதுகாப்புக்கு மட்டும், கருத்துச் சொல்லக் கூடாது. பிடித்த இடத்துக்குப் பச்சை ஸ்டிக்கர், பயமான இடத்துக்குச் சிவப்பு.

பெண் பிள்ளைகளைத் தனிக் குழுவாக அனுப்புங்கள். பையன்கள் பக்கத்தில் இருந்தால் டாஸ்மாக் வாசலைப் பற்றிப் பேச மாட்டார்கள். அதே வழியை மாலை நாலரைக்கு ஒருமுறை, விளக்கு போட்ட பிறகு ஒருமுறை நடக்க வேண்டும். சிவப்பு ஸ்டிக்கர் இடம் மாறுவது அப்போதுதான் தெரியும். பெற்றோர் சம்மதக் கையெழுத்து முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

பதில்: அளவுநாடா
சிவப்பு ஸ்டிக்கரை வைத்து மாநகராட்சி ஏ.இ. (உதவிப் பொறியாளர்) எஸ்டிமேட் போட முடியாது. 5 மீட்டர் டேப் ஒன்றைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். இந்தியச் சாலைகள் காங்கிரஸின் நடைபாதை வழிகாட்டி ஐ.ஆர்.சி. 103 (2012) படி நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், ஓரக்கல் உயரம் 150 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ‘நடக்க முடியல’ என்பதை ‘பில்லர் பாக்ஸ் (தெருவோர மின்பெட்டி) பக்கத்தில் 60 செ.மீ.தான் மிச்சம்’ என்று எழுதினால் அது வேலைக்கான குறிப்பு. விளக்கு எரியவில்லையென்றால் கம்பத்து எண்ணையும் குறியுங்கள்.

பிறகு துறைவாரியாகப் பிரியுங்கள். பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். பில்லர் பாக்ஸ் மின்வாரியத்துடையது, கழிவுநீர் மூடி குடிநீர் வாரியத்துடையது. பஸ் ஓடும் சாலையை மாநகராட்சியிலேயே தனித் துறை பார்க்கிறது. எல்லாவற்றையும் ஒரே மனுவில் போட்டால் ஒவ்வொரு மேசையிலும் ‘எங்களுடையது இல்லை’ என்று திரும்பும். முடிந்தால் ஏ.இ.யையும் ஒரு நடைக்கு அழையுங்கள்.

பதில்: பகுதிசபை
வாக்கு இல்லாத பிள்ளைகள் சொல்வது எடுபடுமா என்ற கேள்விக்கு: வாக்காளரான பெற்றோர் யாராவது மனுவைக் கொடுக்கட்டும். வரைபடத்தை இணைத்து, ‘சிறார் நடந்து தயாரித்தது’ என்று கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். தங்களைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமையைக் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு தருகிறது. 1992இல் இந்தியா அதை ஏற்றது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் 2014இல் 12 முதல் 25 வயதுள்ளவர்கள் முடிவு செய்யட்டும் என்று 10 லட்சம் டாலரையே ஒதுக்கியது.

பிள்ளைகளை மேடையில் நிறுத்திப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவது பங்கேற்பு ஆகாது. எந்தக் கோரிக்கை ஏற்கப்பட்டது, எது இல்லை, ஏன் என்று ஒரு மாதத்துக்குள் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மறுக்கப்பட்டதற்கும் காரணம் எழுத வேண்டும்; இல்லையென்றால் அடுத்த நடைக்கு ஒருத்தரும் வர மாட்டார்கள்.