தேரி மண்ணு ஏன் இவ்ளோ செவப்பு?

நடைப்பயணி: சாத்தான்குளம் வழியா திருச்செந்தூருக்கு பாதயாத்திரை போறோம், குதிரைமொழி பக்கம் வந்ததும் மண்ணு திடீர்னு ரத்தச் செவப்பா மாறுது, கடல் கிட்டக்க வெள்ளை மணல்தான இருக்கணும்? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க அண்ணாச்சி.

தேரிக்காட்டான்: அது காத்து கொண்டாந்து குவிச்ச செவப்பு மணல்மேடு தம்பி, அதத்தான் தேரின்னு சொல்றோம். மணல்ல கிடக்குற இல்மனைட், கார்னெட் மாதிரி இரும்பு உள்ள தாதுக்கள் ரொம்ப காலமா சிதைஞ்சு, அந்த இரும்பு ஆக்சைடு ஒவ்வொரு குவார்ட்ஸ் (படிகக்கல்) மணல் துகள்மேலயும் மெல்லிசா ஒட்டிக்கிச்சு, அதான் நெறம். மழை பெஞ்சா தண்ணி அப்படியே உள்ள எறங்கிரும். அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில் சுனையை கட்டாயம் பாருங்க, அவ்ளோ மணலுக்கு நடுவுல நல்ல தண்ணி, எனக்கு அந்த எடம் உசுரு.

உடன்குடிக்காரி: திருச்செந்தூர் கோவில் பக்கத்துல இருக்குற வள்ளி குகை மணற்பாறைதாண்ணே. நேரமிருந்தா மணப்பாடு போங்க, அங்க பழைய கடற்கரை மணல் சுண்ணாம்புல இறுகி குன்றாவே நிக்குது. தேரிய மட்டும் வெயிலுக்கு முன்னாடியே தாண்டிருங்க, கால் பொத்துரும்.