3 வீதம் தாண்டினால் அபராதமாம்!

உவர்மலையான்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாட்டின் வரவுசெலவுப் பற்றாக்குறை அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 வீதத்தைத் தாண்டினால் அபராதமாம், அந்தப் பயத்தில்தான் அங்கே எல்லா நாடும் ஒழுங்காம். குடித்த தேத்தண்ணீர் மூக்கால் வந்தது. 3 வீதத்துக்காக அபராதம் கட்டிய ஒரே ஒரு நாட்டின் பெயரைச் சொல்லுங்கள், பார்ப்போம்.

நிலாவெளித் தம்பி:
எழுதியவன் நான்தான் அண்ணை. ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம், 1992. உற்பத்தியில் பற்றாக்குறை 3 வீதம், கடன் 60 வீதம், அதுதான் எல்லை. ஸ்பெயினுக்கு 2015இல் 18.93 மில்லியன் யூரோ அபராதம் போட்டார்கள். போதுமா?

உவர்மலையான்:
போதாது. அது ஸ்பெயினின் வலென்சியாப் பிராந்தியத்தில் சுகாதாரச் செலவை மறைத்துக் கள்ளக்கணக்குக் காட்டியதற்கு. 2016இல் அதே ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் பற்றாக்குறைக்காக அபராதம் என்று வந்தபோது தொகை எவ்வளவு தெரியுமா? பூச்சியம். 2003இல் ஜெர்மனியும் பிரான்ஸும் 3 வீதத்தைத் தாண்டி மாட்டின. ஒன்றியத்தின் நிதியமைச்சர்கள் கூடி நடவடிக்கையையே நிறுத்தி வைத்தார்கள். நாட்டின் பெயர்?

டோர்ட்முண்ட் வாசி:
இங்கே ஜெர்மனியில் வரி கட்டுகிறவன் நான். 2010இல் கடனில் தத்தளித்த கிரேக்கத்துக்கு ஒதுக்கிய 110 பில்லியன் யூரோ மீட்புக் கடனில் எங்கள் காசும் இருக்கிறது. திருகோணமலை உட்துறைமுக வீதியில் இருந்துகொண்டு ஐரோப்பாவுக்கு வகுப்பெடுக்க வேண்டாம்.

மட்டிக்களி:
சும்மாவா கொடுத்தீர்கள்? வட்டிக்குத்தானே! எங்கள் ஒழுங்கையில் சீட்டுப் பிடிக்கும் அக்கா, பிந்தினால் நூறு ரூபாய் என்று கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதி வைத்திருக்கிறார். மாடிவீட்டுக்காரர் பிந்தினால் மட்டும் அந்தப் பக்கம் ஒட்டிக்கொள்ளும்.

டோர்ட்முண்ட் வாசி:
சீட்டும் யூரோவும் ஒன்றா? போன மாதக் கிரிக்கெட் சண்டையிலும் இப்படித்தான் கதையை மாற்றினீர்.

மட்டிக்களி:
அன்று ஸ்கோரைப் பிழையாகப் போட்டுவிட்டுப் பதிவை அழித்தது யார்?

நிலாவெளித் தம்பி:
அங்கே விதியாவது இருக்கிறது. இலங்கையில் நாங்களும் 2003இல் சட்டம் போட்டோம், 2006க்குள் பற்றாக்குறையை 5 வீதத்துக்குள் கொண்டுவருவதாக; அது ஏட்டோடு நின்றது. 2022இல் பெற்றோல் வரிசையில் நீங்களும் நின்றீர்கள்தானே அண்ணை?

உவர்மலையான்:
நின்றேன், இரண்டு நாள், மோட்டார் சைக்கிளோடு. அதற்கும் ஸ்பெயினுக்கும் என்ன சம்பந்தம்? பெயர் கேட்டேன்.

நிலாவெளித் தம்பி:
ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்பாட்டு ஒப்பந்தத்தில் 126ஆம் பிரிவை வாசியுங்கள். அபராதம் என்று எழுதியே இருக்கிறது.

உவர்மலையான்:
சீட்டுக் கொப்பியிலும்தான் எழுதியிருக்கிறது. கட்டிய நாடு எது?

டோர்ட்முண்ட் வாசி:
கிரிக்கெட் பதிவை நான் அழிக்கவில்லை.