ஜூரி உள்ளே போயாச்சு, ஊரே காத்திருக்கிறது: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்கள் என்ன செய்வது?

கேள்வி: வேலைக்காக அமெரிக்கா வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. என் ஆபீஸ் டவுன்டவுனில், கோர்ட்டுக்குப் பக்கத்தில். டிவியில் தினமும் காட்டிய பெரிய வழக்கு ஒன்றில் வாதங்கள் முடிந்து, குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரி, கூடிப் பேச உள்ளே போய்விட்டது. சுற்றியுள்ள கடைகளில் கண்ணாடியை மறைத்துப் பலகை அடிக்கிறார்கள். தீர்ப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும் வீட்டுக்குக் கிளம்பலாம் என்று மேனேஜர் மெயில் அனுப்பியிருக்கிறார். ஊரிலிருந்து அம்மா போன் மேல் போன். பயப்பட வேண்டுமா? ஆபீஸில் இதைப் பற்றிப் பேசலாமா? உண்மையைச் சொன்னால், கோர்ட் வாசலுக்குப் போய்ப் பார்க்கவும் ஆசையாக இருக்கிறது.

பதில்: தம்பி, முதலில் அம்மாவைக் கூப்பிட்டு, "ஆபீஸில் சீக்கிரம் அனுப்பிவிடுவார்கள், வீட்டில்தான் இருப்பேன்" என்று சொல்லிவிடுங்கள். டிவிக்காரர்கள் ஒரே தெருமுனையை நாள் முழுக்கக் காட்டுவார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு நகரமே கொந்தளிப்பதுபோல் தெரியும். நாலு தெரு தள்ளி ஆட்கள் நாயைக் கூட்டிக்கொண்டு வாக்கிங் போய்க்கொண்டிருப்பார்கள்.

பலகை அடிப்பதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் அது கலவரம் வரும் என்பதற்கு அடையாளம் இல்லை. 2021 ஏப்ரலில், கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டின் கொலை வழக்குத் தீர்ப்புக்காக மினியாபொலிஸ் காத்திருந்தபோது கோர்ட்டைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். நேஷனல் கார்டு என்ற ரிசர்வ் ராணுவ வீரர்கள் மூவாயிரம் பேருக்கு மேல் இறக்கப்பட்டார்கள். பள்ளிக்கூடங்கள் ஆன்லைனுக்குப் போயின. போதாததற்கு, அந்த விசாரணை நடக்கும்போதே பக்கத்து ஊரான புரூக்ளின் சென்டரில் டான்டே ரைட் என்ற இளைஞர் போலீஸ் சுட்டு இறந்திருந்தார். கடைசியில் ஏப்ரல் 20 அன்று, ஃபிளாய்டின் கழுத்தை முழங்காலால் அழுத்திய போலீஸ்காரர் டெரெக் சாவின் மூன்று குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று வந்தது. ஃபிளாய்ட் இறந்த அந்த நாற்சந்தியில் கூடியிருந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள், ஆடினார்கள். அடித்து வைத்த பலகைகளுக்கு அன்று வேலை இல்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1992 ஏப்ரல் 29 அன்று ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்கள் விடுவிக்கப்பட்ட அன்று சாயங்காலமே லாஸ் ஏஞ்சலஸ் பற்றி எரிந்தது. அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள். தீர்ப்பு வாசிக்கப்பட்ட இடம் நகருக்கு வெளியே தள்ளியிருந்த சிமி வேலி. எரிந்தது தெற்கு லாஸ் ஏஞ்சலஸும் கொரியாடவுனும். கொரியர்களின் கடைகள் மட்டுமே 2,000க்கு மேல் சேதமாயின. வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத, பிழைக்க வந்த குடியேறிகள். அதனால் கோர்ட்டிலிருந்து நம் வீடு எவ்வளவு தூரம் என்று மேப்பில் அளந்து நிம்மதி அடைவதில் அர்த்தமில்லை. எந்தப் பகுதி மக்களுக்கு இந்த வழக்கு சொந்த வீட்டு விஷயம்போல் வலிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தக் காத்திருப்பு நமக்கு ஏன் இவ்வளவு விசித்திரமாக இருக்கிறது தெரியுமா? இந்தியாவில் நீதிபதி தேதி குறிப்பார். அந்தத் தேதியில் தீர்ப்பு வரும், அல்லது இன்னொரு தேதிக்குத் தள்ளிப்போகும். எப்படியும் கையில் ஒரு தேதி உண்டு. இங்கே பன்னிரண்டு சாதாரண மனிதர்கள் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். ஒரு மணி நேரமும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். நம் நாட்டிலும் ஜூரி இருந்ததுதான். 1959இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதியின் கொலை வழக்கில் ஜூரி 8க்கு 1 என்று 'குற்றவாளி அல்ல' என்றது. நீதிபதி அதை ஏற்காமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்ப, அங்கே ஆயுள் தண்டனை விழுந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஜூரி முறையே போய்விட்டது. இலங்கையில் இன்னும் இருக்கிறது. தமிழ் எம்.பி. ரவிராஜ் கொலை வழக்கில் 2016 டிசம்பரில் ஜூரி ஐந்து பேரையும் விடுவித்தது நள்ளிரவு தாண்டி. அந்த இரவு கண் விழித்திருந்தவர்களிடம் ஜூரி பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சரி, இந்த நேரத்தில் டிவியில் வரும் நிபுணர்கள் விஷயத்துக்கு வருகிறேன். "இவ்வளவு நேரம் எடுக்கிறார்களே, அப்படியானால் விடுதலைதான்" என்பார் ஒருவர். "சீக்கிரம் முடித்துவிட்டார்கள், குற்றவாளிதான்" என்பார் இன்னொருவர். ஒரு சொல்லையும் நம்பாதீர்கள். முன்னாள் மனைவியையும் இன்னொருவரையும் கொன்றதாகக் கறுப்பின விளையாட்டு நட்சத்திரம் ஓ.ஜே. சிம்ப்சன் மீது நடந்த வழக்கு எட்டு மாதத்துக்கு மேல் இழுத்தது. ஜூரி நாலு மணி நேரத்துக்குள் முடிவெடுத்தது: விடுதலை. 2023இல், மனைவியையும் மகனையும் கொன்றதாக வக்கீல் அலெக்ஸ் மர்டாக் மீது நடந்த வழக்கில் மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை: குற்றவாளி. ரோட்னி கிங் வழக்கில் ஏழு நாள். கெனோஷாவில் போராட்டத்தின்போது இருவரைச் சுட்டுக் கொன்ற இளைஞர் ரிட்டன்ஹவுஸின் வழக்கில் நாலாவது நாள். இரண்டிலும் விடுதலை. இதில் என்ன சூத்திரம் கண்டுபிடிப்பது?

ஜூரி அனுப்பும் சீட்டுகளும் அப்படித்தான். 2024 மே மாதம் நியூயார்க்கில், வணிகக் கணக்குகளில் பொய் எழுதியதாக டிரம்ப் மீது நடந்த வழக்கில் ஜூரி சில சாட்சியங்களைத் திரும்ப வாசிக்கச் சொன்னது. அதை வைத்து அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்தார்கள். எதிரே இருந்த கலெக்ட் பாண்ட் பூங்காவில் இரு தரப்பு ஆட்களும் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் நாள், 4.30க்கு ஜூரியை வீட்டுக்கு அனுப்பப் போகிறேன் என்றார் நீதிபதி. அந்த நேரத்தில்தான் உள்ளிருந்து சீட்டு வந்தது, முடிவு எடுத்தாயிற்று என்று. 34 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி. இன்று ஒன்றும் நடக்காது என்று நினைத்துக் கிளம்பத் தயாரான நிருபர்களுக்கு அன்று தூக்கிவாரிப்போட்டிருக்கும்.

உங்களுக்கு உதவக்கூடியது இதுதான். 'முடிவு எடுத்துவிட்டார்கள்' என்ற செய்திக்கும் தீர்ப்பு வாசிக்கப்படுவதற்கும் நடுவே பெரும்பாலும் இடைவெளி இருக்கும், வக்கீல்கள் வந்து சேர வேண்டும் அல்லவா. சாவின் வழக்கில் மதியம் இரண்டரை மணி வாக்கில் அறிவித்து, நாலு மணிக்கு அப்புறம் வாசித்தார்கள். சிம்ப்சன் வழக்கில் ஒரு ராத்திரியே காத்திருக்க வைத்தார்கள். போன் அறிவிப்பு வந்ததும் லேப்டாப்பை மூடிவிட்டுக் கிளம்புங்கள். எல்லாரும் அதே நேரத்தில்தான் கிளம்புவார்கள். பஸ் வழி மாறலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வார நாளில்தான் வரும் என்றும் இல்லை. 2013இல் ஃபுளோரிடாவில் டிரேவான் மார்ட்டின் என்ற கறுப்பினச் சிறுவனைச் சுட்ட ஸிம்மர்மேனின் வழக்கில் சனிக்கிழமை இரவு பத்து மணி வாக்கில் வந்தது.

ஆபீஸில் பேசலாமா என்று கேட்டீர்கள். அவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள், ஊகம் சொல்லாதீர்கள். நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம், கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல "என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?" என்று ஆரம்பித்துவிடுவோம். பக்கத்து மேஜையில் இருக்கும் கறுப்பின நண்பர் நேற்று இரவு தூங்கியே இருக்க மாட்டார். இன்னொரு மேஜையில் இருப்பவரின் அண்ணன் போலீஸாக இருப்பார். சிம்ப்சன் தீர்ப்பு வந்தபோது ஒரே செய்திக்கு ஒரு பக்கம் துள்ளிக் குதித்ததையும் இன்னொரு பக்கம் வாயடைத்து நின்றதையும் டிவிகள் அடுத்தடுத்துக் காட்டின. அந்த இரண்டு பக்கமும் உங்கள் டீமிலும் இருக்கும். "இந்த வாரம் உங்களுக்கு எப்படிப் போகிறது?" என்று கேட்டுவிட்டு அவர்கள் சொல்வதைக் கேட்டால் போதும். கம்பெனி சாட்டில் ஒரு வரி எழுத வேண்டாம். நம் வாட்ஸப் குழுக்களில் நிறத்தை வைத்து ஊரைப் பிரித்து எழுதும் ஃபார்வர்டுகள் வரும். அதைப் படிக்கும்போது எனக்குக் கூசும். நம்மை யாராவது அப்படி எழுதினால் சும்மா இருப்போமா?

கோர்ட் வாசலுக்குப் போவது தப்பில்லை. கூடிநிற்கவும் குரல் கொடுக்கவும் உள்ள உரிமை விசாவில் இருப்பவருக்கும் உண்டு. ஆனால் கைதானால் உங்களுக்கு ஆகும் சேதம் குடிமகனுக்கு ஆவதைவிடப் பெரியது. விசா படிவமான டிஎஸ்-160இல் 'எப்போதாவது கைதாகியிருக்கிறீர்களா' என்றே கேட்கிறார்கள், தண்டனை பெற்றீர்களா என்று மட்டும் இல்லை. அதனால் பகலில் போங்கள், ஓரமாக நில்லுங்கள். கலைந்து போகச் சொல்லி போலீஸ் மைக்கில் அறிவித்தால் அந்த நிமிஷமே நகருங்கள், வீடியோ எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். ஊரடங்கு போட்டிருந்தால் போகவே வேண்டாம். ஜூரியில் இருப்பவர்களையோ அவர்கள் போகும் வண்டியையோ படமெடுக்கவே கூடாது. ரிட்டன்ஹவுஸ் வழக்கில் ஜூரி வண்டியை ஒருவர் பின்தொடர்ந்தார் என்பதற்காக, அவர் வேலை செய்த டிவி சேனலையே கோர்ட்டுக்குள் வரக்கூடாது என்றார் நீதிபதி.

கேள்வி: ரொம்ப நன்றி அண்ணா. ஜூரி கடிதம் எனக்கே வந்தால்? ரூம்மேட்டுக்கு வந்திருக்கிறது. அவரும் ஹெச்-1பி என்ற வேலை விசாவில்தான் இருக்கிறார்.

பதில்: வரும் தம்பி. பல மாநிலங்களில் டிரைவிங் லைசென்ஸ் பட்டியலிலிருந்தும் பெயர் எடுக்கிறார்கள், அதில் குடியுரிமை பார்ப்பதில்லை. கடிதத்தைக் குப்பையில் போட வேண்டாம். 'நான் அமெரிக்கக் குடிமகன் இல்லை' என்ற கட்டத்தில் குறித்து, அவர்கள் சொன்ன தேதிக்குள் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். கிரீன் கார்டு இருந்தாலும் இதேதான். அனுபவத்துக்காகப் போய் உட்கார்ந்து பார்க்கலாம் என்று மட்டும் நினைக்கக் கூடாது. குடிமகன் என்று பொய்யாகச் சொன்னால் நாடு கடத்தும் அளவுக்குப் போகும். லைசென்ஸ் எடுக்கும் இடத்தில் 'வாக்காளராகப் பதிகிறீர்களா' என்று கேட்பார்கள், அங்கேயும் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

லண்டனிலிருந்து ஒரு குறிப்பு: இதைப் படித்துவிட்டு இங்கிலாந்தில் இருப்பவர்கள் அப்படியே பின்பற்ற வேண்டாம். வழக்கு நடக்கும்போது ஜூரியின் மனதைத் திருப்பக்கூடிய எதையாவது ஃபேஸ்புக்கில் எழுதினாலே 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி கோர்ட் அவமதிப்பு ஆகலாம். அமெரிக்காவில் தீர்ப்புக்கு அப்புறம் ஜூரியில் இருந்தவர்கள் டிவிக்குப் பேட்டி கொடுப்பார்கள். இங்கே உள்ளே என்ன பேசினோம் என்று வெளியே சொல்வதே குற்றம், கனடாவிலும் அப்படித்தான். இங்கே பன்னிரண்டு பேரும் ஒத்துப்போகாவிட்டால் 10க்கு 2 என்ற பெரும்பான்மையை நீதிபதி ஏற்கலாம்.

பதில்: நல்ல குறிப்பு. அமெரிக்காவில் 2020 முதல் எல்லா மாநிலங்களிலும் பெரிய குற்ற வழக்குகளில் ஜூரி முழுவதும் ஒரே முடிவுக்கு வந்தாக வேண்டும். ஒருவர் மட்டும் பிடிவாதமாக நின்றாலும் தீர்ப்பு இல்லை, புது ஜூரியோடு விசாரணை மறுபடி நடக்கலாம். உங்கள் ஊரில் அப்படி ஆனால் அடித்த பலகையைக் கழற்றிவிட்டு சில மாதம் கழித்துத் திரும்ப அடிப்பார்கள். மேனேஜரின் மெயிலை அழித்துவிடாதீர்கள்.