காதுச் சோணையைப் பெரிதாக்க எண்ணுகிறேன், குருத்தெலும்பிலும் துளையிடலாமா?

கேள்வி: ஓலைச்சுருள்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 27 வயது. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். இரண்டு காதுகளிலும் குழந்தைப் பருவத்தில் குத்திய துளைகள் மட்டுமே உள்ளன. அந்தத் துளைகளைப் படிப்படியாக 12 மில்லிமீட்டர் வரை பெரிதாக்கிக் கண்ணாடித் தக்கைகள் அணிய வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அதோடு இடது காதின் மேற்பகுதியில் இரண்டு துளைகளிட்டு, அவற்றை ஒரே கம்பியால் இணைக்கும் 'இண்டஸ்ட்ரியல்' வகையையும், நடுமூக்கில் ஒரு வளையத்தையும் போட்டுக்கொள்ள நினைக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னபோது, "உன் அப்பத்தா வடிந்து தொங்கிய காதைத் தைத்துக்கொள்வதற்காக மதுரை ஆஸ்பத்திரியில் போய்க் கிடந்தார்கள், நீ நல்ல காதைக் கிழித்துக்கொள்ளப் போகிறாயா?" என்று கேட்டார். அப்பத்தாவின் ஒரே ஒரு புகைப்படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் காதுகள் தோளைத் தொடுகின்றன, ஆனால் அவற்றில் நகை எதுவும் இல்லை. சித்தப்பாவின் படிப்புச் செலவுக்காகத் தொங்கும் காதில் அணிந்த பாம்படம் என்ற பெரிய நகையை விற்ற பிறகு எடுத்த படமாம் அது.

நான் ஒரு தவறும் செய்துவிட்டேன். இணையத்தில் மலிவாகக் கிடைத்த, துளையை விரிக்கச் செருகும் அக்ரிலிக் கூம்புத் தொகுப்பு ஒன்றை வாங்கி, 1.6 மில்லிமீட்டரிலிருந்து நேரே 4 மில்லிமீட்டருக்குத் தாவினேன். அன்றிரவே வலது காது வீங்கிச் சூடாகிவிட்டது. இப்போது ஐந்து நாட்கள் ஆகின்றன. காதின் பின்புறத் துளையைச் சுற்றி உதடு பிதுங்கியதுபோல் ஒரு சதை வளையம் தெரிகிறது. இதற்கு என்ன செய்வது? ஒருவேளை பின்னாளில் மனம் மாறினால் காது பழைய நிலைக்குத் திரும்புமா? மூன்றையும் ஒரே நாளில் செய்துகொண்டால் ஒரே விடுப்பில் வேலை முடியும் என்பதால் கேட்கிறேன்.

பதில் 1: மில்லிமீட்டர்க்காரன்

முதலில் அந்த அக்ரிலிக் கூம்பை இன்றே கழற்றிவிடுங்கள். நீங்கள் விவரிக்கும் சதை வளையத்தை இந்தப் பழக்கமுள்ளவர்கள் 'புளோ அவுட்' என்பார்கள். துளையின் உட்தோல் விரிவதற்கு நேரம் கொடுக்காமல் தள்ளினால், அது பின்பக்கமாகப் பிதுங்கி வெளியே வந்துவிடும். அப்படியே அணிந்துகொண்டிருந்தால் அந்த வளையம் நிலைத்துவிடும். பழைய 1.6 அளவுக்கு இறங்குங்கள். அதுவும் வலித்தால் சில நாட்கள் எதையும் போடாமல் விடுங்கள். காலையும் மாலையும் மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9 விழுக்காட்டு உப்புநீரால் கழுவினால் போதும். மஞ்சள், தேங்காய் எண்ணெய், டெட்டால் எதுவும் வேண்டாம். சிவப்பு பரவினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ மருத்துவரிடம் செல்லுங்கள்.

என் இரு காதுகளிலும் இப்போது 10 மில்லிமீட்டர். அதை எட்ட எனக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. கடைகளில் 'கேஜ்' என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அதில் எண் குறையக் குறையத் தடிமன் கூடும். 14 கேஜ் என்பது 1.6 மில்லிமீட்டர், 8 கேஜ் என்பது ஏறத்தாழ 3.2, 0 கேஜ் என்பது 8 மில்லிமீட்டர். சிறிய அளவுகளில் படிகள் நெருக்கமாக இருக்கும். மேலே போகப் போக ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விழுந்துவிடும். காது கிழிவது பெரும்பாலும் அங்கேதான். 8 மில்லிமீட்டரிலிருந்து 10 மில்லிமீட்டருக்கு நான் தாவவே இல்லை. குழாய் வேலைக்காரர்கள் மரையில் சுற்றும் பசையில்லாத டெஃப்லான் நாடாவைத் தக்கையின் மேல் ஒவ்வொரு சுற்றாகச் சேர்த்துச் சேர்த்து, காதுக்கே தெரியாமல் அளவைக் கூட்டினேன். ஒவ்வொரு அளவிலும் குறைந்தது இரண்டு மாதங்கள், 6 மில்லிமீட்டருக்கு மேல் மூன்று மாதங்களுக்கும் அதிகமாகக் காத்திருந்தேன். அடுத்த அளவு வெந்நீர்க் குளியலுக்குப் பிறகு தானாக வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். அழுத்த வேண்டியிருந்தால் இன்னும் நாள் வரவில்லை என்று பொருள்.

பொருளைப் பற்றியும் ஒரு சொல். புதிதாக விரித்த துளையில் கண்ணாடி, அல்லது உடலுக்குள் பொருத்தும் தரமுள்ள டைட்டானியம் மட்டும் போடுங்கள். டைட்டானியத்துக்கு 'ஏ.எஸ்.டி.எம். எஃப்-136' என்ற தரக் குறியீடு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அக்ரிலிக்கைக் கொதிநீராவியில் தொற்றுநீக்க முடியாது. மரத்தக்கையும் கொம்புத்தக்கையும் அழகானவை, ஆனால் அவை முழுவதும் ஆறிய துளைக்குரியவை. சிலிக்கோன் குழல்கள் புதுத்தோலைப் பற்றி இழுக்கும்.

மனம் மாறினால் திரும்புமா என்ற கேள்விக்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. 5, 6 மில்லிமீட்டர் வரை மெதுவாகச் சென்றவர்களுக்குப் பெரும்பாலும் சாதாரணத் தோடு நிற்கும் அளவுக்குச் சுருங்குகிறது. 8 மில்லிமீட்டரைத் தாண்டிய பிறகு அதை நம்பி இருக்க வேண்டாம். தக்கையைக் கழற்றிக் கழுவாவிட்டால் காது நாறும் என்பதையும் யாராவது உங்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை.

பதில் 2: செவிநலம்

நான் தென்மாவட்டம் ஒன்றில் பணியாற்றும் காது மூக்கு தொண்டை மருத்துவர். சோணையைப் பற்றி மேலே நண்பர் எழுதியதோடு எனக்குப் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. நான் எழுத வந்தது அந்த 'இண்டஸ்ட்ரியல்' கம்பியைப் பற்றி.

தோடு அணியும் சோணையில் குருத்தெலும்பு கிடையாது. தோலும் கொழுப்பும் தாராளமான இரத்த ஓட்டமும் உண்டு. அதனால் அது ஆறிலிருந்து எட்டு வாரங்களில் ஆறிவிடுகிறது. காதின் மேற்பகுதி அப்படியன்று. அங்குள்ள குருத்தெலும்புக்குச் சொந்தமாக இரத்தக் குழாய்கள் இல்லை. தன்மேல் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்துதான் அது உணவைப் பெறுகிறது. துளை வழியே கிருமி புகுந்து அந்தச் சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் இடையே சீழ் கட்டினால், அடியிலுள்ள குருத்தெலும்பு பட்டினி கிடந்து மடிந்துபோகும். பிறகு காது சுருங்கி, காலிஃபிளவர் போல் கோணலாகிவிடும். அதை முழுவதுமாகச் சரிசெய்வது கடினம். இந்தத் தொற்றை அதிகமாக உண்டாக்குவது 'சூடோமோனாஸ்' என்ற, ஈரத்தில் வளரும் பாக்டீரியா. எல்லா ஆண்டிபயாட்டிக் மருந்துகளும் அதைக் கட்டுப்படுத்தா என்பதால், வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை விழுங்கிக்கொண்டு நாட்களைக் கடத்துபவர்கள்தான் கடைசியில் அறுவை அரங்குக்கு வருகிறார்கள். சோணை இயல்பாக இருக்க, அதற்கு மேலுள்ள பகுதி மட்டும் சிவந்து, தொட்டால் உயிர் போவதுபோல் வலித்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நீங்கள் இருசக்கர வண்டி ஓட்டுபவரா? ஓட்டுபவர் என்றால், ஹெல்மெட்டை மாட்டும்போதும் கழற்றும்போதும் அந்தக் கம்பி ஒவ்வொரு நாளும் சிக்கும். ஆறு மாதங்கள் முதல் ஓராண்டு வரை ஆறாத துளைகள் இரண்டு, அவற்றை இணைக்கும் நீளக் கம்பி ஒன்று, அதன் மேல் சென்னை வெயிலில் வியர்த்த ஹெல்மெட் பஞ்சு என்ற சேர்க்கையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். எங்கே குத்தினாலும் உள்ளீடற்ற ஊசியால், உங்கள் கண்முன் பிரிக்கப்பட்ட உறையிலிருந்து எடுத்துக் குத்தச் சொல்லுங்கள். நகைக்கடைத் துப்பாக்கி குருத்தெலும்பை நசுக்கும். அதன் பிளாஸ்டிக் பாகங்களை ஆட்டோகிளேவ் என்ற நீராவித் தொற்றுநீக்கியில் வைக்கவும் முடியாது.

நடுமூக்கு கேட்பதற்கு அச்சமூட்டினாலும், தேர்ந்த கைகளில் இதைவிட எளிது. இரு நாசிகளுக்கும் நடுவே, குருத்தெலும்பு முடிந்த பிறகு மெல்லிய தோல் பட்டை ஒன்று உண்டு. ஊசி அங்கே செல்ல வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பது என்று தெரியாமல் போவது ஒருபுறம் இருக்க, ஏதேனும் தொற்று வந்தால் எது காரணம் என்று கண்டறிவதும் சிக்கல். ஹெபடைடிஸ் 'பி' தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். குடும்பத்தில் யாருக்காவது காயத்தழும்பு மேடாக வளரும் 'கீலாய்டு' இருந்தால் இந்த எண்ணத்தையே மறுபரிசீலனை செய்யுங்கள். நம் தோல் நிறத்தவரிடம் அது கூடுதலாகக் காணப்படுகிறது.

உங்கள் அப்பத்தாவின் காதைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். பயிற்சிக் காலத்தில் அப்படிப்பட்ட காதுகள் சிலவற்றை நானும் தைத்திருக்கிறேன். ஆறிய துளையின் உள்விளிம்பு முழுவதும் தோல் மூடியிருப்பதால், வெறுமனே சேர்த்துத் தைத்தால் ஒட்டாது. விளிம்பை முதலில் சீவிப் புதுப்புண்ணாக்கி, மிஞ்சிய சதையைக் கழித்து, பிறகே தைக்க வேண்டும். மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்துவிடலாம். நாளைக்கு உங்கள் மனம் மாறினாலும் இந்த வழி உண்டு, ஆனால் கோடுபோல் ஒரு தழும்பு மிஞ்சும்.

பதில் 3: பத்தர் வீட்டுப் பேரன்

சிவகங்கைப் பக்கத்தவன் நான். என் தாத்தா பாம்படமும் தண்டட்டியும் செய்தவர் என்பதால் மட்டும் இதில் தலையிடுகிறேன். தலைப்பைப் பார்த்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது, மன்னிக்கவும். இன்று 'ஹெலிக்ஸ்' என்று பெயர் சொல்லிக் குத்துகிற மேற்காது விளிம்பில் நம் ஊர்ப் பெண்கள் கொப்பும் முருகும் அணிந்தார்கள். நடுமூக்கு வளையத்துக்குப் புல்லாக்கு என்று பெயர். ஆண்கள் கடுக்கன் போட்டார்கள். உங்கள் பட்டியலில் நம் பாட்டிமார் அறியாதது அந்தக் குறுக்குக் கம்பி ஒன்றுதான்.

ஆனால் காது வளர்த்த முறையை நன்றாகக் கவனியுங்கள். கைக்குழந்தையாக இருக்கும்போதே காதைக் குத்தி, துளையில் பஞ்சுத் திரியை வைத்து, அதை மெல்ல மெல்லத் தடிமனாக்குவார்கள். பனையோலையைச் சுருட்டிச் செருகுவதும் உண்டு. சுருட்டிய ஓலைக்கு விரியும் குணம் இருப்பதால் அது இரவும் பகலும் ஒரே சீராகத் துளையை நெகிழ்த்தும். யாரும் அழுத்தவோ இடிக்கவோ தேவையில்லை. துளை போதிய அளவு நெகிழ்ந்த பிறகே குணுக்கு என்ற ஈய வளையத்தை மாட்டி, எடையால் தொங்கவிடுவார்கள். பாம்படம் ஏறுவதற்குள் பல ஆண்டுகள் கழிந்திருக்கும். நீங்கள் ஒரே இரவில் செய்ததை அவர்கள் ஓராண்டில்கூடச் செய்யவில்லை. ஊரார் வடிகாது என்று சொன்னதும் காரணத்தோடுதான். அந்தக் காது சொட்டுச் சொட்டாக வடிந்து நீண்டது.

பாம்படம் பார்வைக்குப் பெரிதாக இருந்தாலும் முழுவதும் தங்கமன்று. மெல்லிய பொன்தகட்டை உருண்டையும் பட்டையுமாக வளைத்து, உள்ளே அரக்கை உருக்கி ஊற்றுவார் தாத்தா. அப்படியும் கனம் கனம்தான். எடையால் வளர்ந்த காது நீளும்போதே மெலியும். முதுமையில் அறுந்துபோன காதுகளை நான் பார்த்திருக்கிறேன். எனவே 12 மில்லிமீட்டரை எட்டினாலும் கனமான வளையங்களைத் தொங்கவிடாதீர்கள், தக்கையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மருத்துவர் ஐயா தழும்பைப் பற்றிச் சொன்னார். எங்கள் ஊரில் காதைத் தைத்துக்கொண்ட ஆச்சிமார் பலருக்கு அந்தத் தழும்பு ஒரு பொருட்டாக இல்லை. டவுனில் படித்த மகள் வீட்டுக்குப் போகும்போது யாரும் காதைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. உங்கள் அம்மாவின் கோபத்துக்குப் பின்னால் அந்த வெட்கத்தின் நினைவும் இருக்கக்கூடும்.

கேள்வி கேட்டவர்: ஓலைச்சுருள்

மூவருக்கும் நன்றி. அக்ரிலிக்கை அன்றே கழற்றிவிட்டேன். வீக்கம் வடிந்துவிட்டது, பின்புறச் சதை வளையமும் பாதிக்கு மேல் உள்ளே அமுங்கியிருக்கிறது. நான் நாள்தோறும் ஸ்கூட்டரில் செல்பவள் என்பதால் இண்டஸ்ட்ரியலைக் கைவிட்டேன். மூன்று மாதங்கள் காதைத் தொடாமல் விட்டு, பிறகு 2 மில்லிமீட்டரிலிருந்து தொடங்கி, 6 மில்லிமீட்டரில் நின்று யோசிப்பேன். புல்லாக்கு அடுத்த ஆண்டு.

இதையெல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போய், டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து சிறிய துணி முடிச்சு ஒன்றை எடுத்து வந்தார். உள்ளே ஒரே ஒரு குணுக்கு; கருத்துப்போன ஈயம், ஒரு பக்கம் வாய் திறந்த வளையம். பாம்படத்தை விற்றவர்கள் இதை விற்க முடியாமல் வைத்துக்கொண்டார்கள் போலும். காது ஆறிய பிறகு ஒரு நாளாவது இதை அணியலாமா?

பதில்: செவிநலம்

வேண்டாம். ஈயம் நச்சு உலோகம். ஒரு மணி நேரத்துக்குக்கூடக் காதில் போட வேண்டியதில்லை. தொட்ட பிறகு கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள்.

பதில்: பத்தர் வீட்டுப் பேரன்

மருத்துவர் சொன்னதே சரி. ஆனால் துணியில் முடிந்து மறுபடி பெட்டியில் போடும் முன், வளையத்தின் தடிமனையும் குறுக்களவையும் வெர்னியர் அளவியால் அளந்து, எடையோடு இங்கே எழுதுங்கள். தாத்தாவின் பட்டறைப் பெட்டியில் இரண்டு குணுக்குகள் கிடக்கின்றன. உங்கள் அப்பத்தாவின் காதில் தொங்கியது எத்தனையாவது படிக்குரியது என்று ஒப்பிட்டுச் சொல்கிறேன்.