கல்யாண கேசட் ஃபைல் 35 ஜி.பி.: சொந்தக்காரங்களுக்கு அனுப்ப என்ன செட்டிங் வைக்கலாம்?

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். அம்மா அப்பா கல்யாணம் 1994-ல மதுரையில நடந்தது. அந்த வி.எச்.எஸ். கேசட்டை ஒரு கடையில கொடுத்து டிஜிட்டலா மாத்தி வாங்கியிருக்கேன். 2 மணி 40 நிமிஷம், ஒரே ஏ.வி.ஐ. ஃபைல், 35 ஜி.பி. கிட்ட வருது. சிங்கப்பூர்ல இருக்கிற அக்கா டி.வி.யில போட்டுப் பார்க்கணும்ங்கிறா. ஊர்ல பெரியம்மா, சித்தி எல்லாருக்கும் வாட்ஸ்அப்தான்.

ஒரு ஆன்லைன் கன்வர்ட்டர்ல போட்டு 300 எம்.பி.க்கு இறக்கிப் பார்த்தேன். முகமெல்லாம் கட்டம் கட்டமா உடையுது. மாலை மாத்தும்போது கை ஓரத்துல சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா வருது. எல்லாரும் கொஞ்சம் ஒல்லியா வேற தெரியறாங்க. நாதஸ்வரச் சத்தம் நடுங்குது.

எங்க அப்பத்தா குரல் இந்தக் கேசட்டுல மட்டும்தான் இருக்கு. பந்தி நடக்கிற இடத்துல நின்னு கேமராக்காரரைச் சாப்பிடக் கூப்பிடும். அதனால படத்தோட சேர்த்து சத்தமும் கெடக் கூடாது. என்ன கோடெக் (அமுக்குற முறை), எவ்வளவு பிட்ரேட் (விநாடிக்கு எவ்வளவு டேட்டா) வைக்கணும்?

ஒளிநாடா:
என்ன செஞ்சாலும் அந்த 35 ஜி.பி. ஃபைலை அழிச்சிடாதீங்க. முடிஞ்சா ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல வைங்க. கேசட் வருஷா வருஷம் மங்கிட்டுதான் போகும். இனி உங்களுக்கு மூலம்னா அது இந்த ஃபைல்தான்.

மீடியா இன்ஃபோன்னு ஃபைல் விவரம் காட்டுற சாஃப்ட்வேர் இருக்கு, அதுல அந்த ஃபைலைத் திறந்து, அது காட்டுறதை அப்படியே இங்க போடுங்க. அதைப் பார்க்காம செட்டிங் சொன்னா குத்துமதிப்பாத்தான் இருக்கும்.

வைகைக்கரை:
பார்த்தேன் அண்ணா. டி.வி. (DV, டிஜிட்டல் வீடியோ) ஃபார்மட், 720×576, 4:3, விநாடிக்கு 25 ஃபிரேம், இன்டர்லேஸ்டு, பாட்டம் ஃபீல்டு ஃபர்ஸ்ட். மொத்த பிட்ரேட் 28.8 எம்.பி.பி.எஸ். ஆடியோ பி.சி.எம்., 48 கிலோஹெர்ட்ஸ்.

ஒளிநாடா:
கடைக்காரர் நல்லாவே பண்ணிக் கொடுத்திருக்கார். இந்த ஃபார்மட் மணிக்கு 13 ஜி.பி. பிடிக்கும், அதனால உங்க 35 ஜி.பி. சரிதான்.

300 எம்.பி.ன்னா உங்க 9600 விநாடிக்குப் பங்கு போட்டா படமும் சத்தமும் சேர்த்து 250 கே.பி.பி.எஸ்.தான் கிடைக்கும். வி.எச்.எஸ்.ல படம் முழுக்கப் பொரிப்பொரியா இரைச்சல் இருக்கும். அமுக்குற சாஃப்ட்வேருக்கு (என்கோடர்) எது முகம், எது இரைச்சல்னு தெரியாது. இருக்கிற பிட்டை ரெண்டுக்கும் பிரிச்சுக் கொடுத்துடும். முகம் உடையறது அதனாலதான்.

சீப்புக் கோடு வர்றது வேற காரணம். பழைய டி.வி. ஒரு ஃபிரேமை ஒத்தைப்படைக் கோடு, ரெட்டைப்படைக் கோடுன்னு ரெண்டு தடவையாக் காட்டும். இதுதான் இன்டர்லேஸ்டு, ஒவ்வொரு பாதிக்கும் ஃபீல்டுன்னு பேர். அந்த ரெண்டுக்கும் நடுவுல விநாடியில 50-ல ஒரு பங்கு நேரம் போயிடும், அதுக்குள்ள கை நகர்ந்துடும். மொபைல் ரெண்டையும் ஒண்ணாக் காட்டுறதால பல்லு தெரியுது. அமுக்குறதுக்கு முன்னாடியே இதைச் சரி பண்ணணும். பல்லோட அமுக்கிட்டா அப்புறம் சுத்தமாப் பிரிக்க வராது.

ஒல்லியாத் தெரியறதுக்குக் காரணம், இந்த ஃபார்மட்ல பிக்சல் சதுரம் கிடையாது. 720×576-ஐ 768×576 அகலத்துக்கு விரிச்சுக் காட்டணும்னு ஃபைல்ல ஒரு குறிப்பு இருக்கும். கன்வர்ட்டர் அதை விட்டுடுச்சு.

ஹேண்ட்பிரேக்னு வீடியோ மாத்துற சாஃப்ட்வேரை இறக்கிக்கங்க, இலவசம். ஃபைல் வகை எம்.பி.4, கோடெக் எச்.264. ஃபில்டர்ல டீஇன்டர்லேஸ் யாடிஃப் அல்லது பி.டபிள்யூ.டிஃப், அதுல 'பாப்'. ஃபிரேம் ரேட் 50. பாப் வைச்சா ரெண்டு ஃபீல்டும் தனித்தனி ஃபிரேமா வரும், அசைவு பழைய டி.வி.யில பார்த்த மாதிரியே வழுக்கிட்டுப் போகும். பிட்ரேட்டைத் தொடாதீங்க. 'கான்ஸ்டன்ட் குவாலிட்டி'யில ஆர்.எஃப்.ங்கிற தர எண் 20 (எண் குறைஞ்சா தரம் கூடும்), வேகம் 'ஸ்லோ'. ஆடியோ ஏ.ஏ.சி. 160 கே.பி.பி.எஸ். இதுல மிச்சம் பிடிக்காதீங்க, 160-க்கு மொத்தப் படத்துக்கும் 190 எம்.பி.தான் ஆகும். 'வெப் ஆப்டிமைஸ்டு' டிக் பண்ணுங்க, முழுசா இறங்கறதுக்கு முன்னாடியே ஓட ஆரம்பிக்கும்.

முழுப் படத்தையும் உடனே ஓட விடாதீங்க. தாலி கட்டும்போது எல்லாரும் அட்சதை போடுவாங்களே, அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் வெட்டி ஓட்டிப் பாருங்க. நூத்துக்கணக்கான அரிசி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு திசையில பறக்கும், நடுவுல ஃபிளாஷ் வேற அடிக்கும். என்கோடருக்கு அதைவிடக் கஷ்டமான காட்சி இருக்காது. அங்க முகம் நின்னா மத்த இடத்துல நிக்கும். உடைஞ்சா ஆர்.எஃப். 18. நல்லா இருந்து சைஸ்தான் பெரிசுன்னா 22. எண் 6 குறைஞ்சா சைஸ் ஏறக்குறைய ரெட்டிப்பாகும்.

கரிசல்மண்:
அதைவிடப் புது கோடெக் எச்.265 வைச்சா சைஸ் இன்னும் குறையுமே, ஏன் எச்.264?

ஒளிநாடா:
குறையும் தம்பி. ஆனா பெரியம்மா கையில இருக்கிற பழைய போன், அக்கா வீட்டு டி.வி.யில இருக்கிற யு.எஸ்.பி. பிளேயர் எல்லாத்துலயும் ஓடும்னு நம்பிக் கொடுக்க முடியறது எச்.264-தான். சத்தம் மட்டும் வந்து படம் கறுப்பா நின்னா அவங்க யாரைக் கேப்பாங்க? இந்தச் சைஸ் படத்துக்கு மிச்சமாகிற ஜி.பி.யும் பெரிசில்ல. அதுக்குப் பதிலா இரைச்சல் நீக்கும் ஃபில்டரை 'லைட்'ல வைச்சுப் பார்க்கலாம். அதுக்கு மேல போனா பட்டுப்புடவை ஜரிகை வழிச்சுவிட்ட மாதிரி ஆகிடும், நான் விடமாட்டேன்.

மல்லிகைப்பந்தல்:
வாட்ஸ்அப்ல கேலரியிலிருந்து வீடியோவா அனுப்பினா அது மறுபடி அமுக்கிடும், நீங்க பட்ட பாடெல்லாம் வீண். பேப்பர் கிளிப்பை அழுத்தி 'டாக்குமென்ட்'னு அனுப்புங்க. 2 ஜி.பி. வரைக்கும் அப்படியே போகும். பெண் அழைப்பு, முகூர்த்தம், பந்தி, வரவேற்புன்னு பிரிச்சிடுங்க. பெரியவங்களுக்கும் தேடிப் பார்க்க சுலபம்.

யூடியூப்ல 'அன்லிஸ்டட்'னு (லிங்க் இருக்கிறவங்க மட்டும் பார்க்கிற மாதிரி) ஏத்துறதா இருந்தா 1440×1080-க்குப் பெரிசாக்கி ஏத்துங்க. 576-ஐ அப்படியே ஏத்தினா 480-ஆக இறக்கிடும், 50 ஃபிரேமும் போயிடும். அங்க 720-லயும் அதுக்கு மேலயும்தான் 50 கிடைக்கும். 15 நிமிஷத்துக்கு மேலன்னா போன் நம்பர் வெரிஃபை பண்ணணும். வரவேற்புல சினிமாப் பாட்டு ஓடியிருந்தா காப்பிரைட் கிளெய்ம் வரலாம், சில சமயம் வீடியோவே தடையாகும். உங்க விஷயத்துல நான் யூடியூப் பக்கமே போகமாட்டேன்.

வைகைக்கரை:
அட்சதைக் காட்சியை ஆர்.எஃப். 20-ல ஓட்டிப் பார்த்தேன். அரிசி தனித்தனியாத் தெரியுது, சீப்புக் கோடு சுத்தமாப் போயிடுச்சு, முகம் சரியான அகலத்துல இருக்கு. அப்புறம் முழுசும் போட்டேன், 3 ஜி.பி. வந்துச்சு. நாலாப் பிரிச்சு முகூர்த்தத்தை டாக்குமென்டா பெரியம்மாவுக்கு அனுப்பியாச்சு, போன்ல ஓடுதுன்னாங்க. அக்காவுக்கு கூகுள் டிரைவ் லிங்க். ரொம்ப நன்றி எல்லாருக்கும்.

ஒண்ணே ஒண்ணு. படத்தோட அடியில ஒரு மெல்லிய பட்டை கிழிஞ்ச மாதிரி ஆடிட்டே இருக்கு. ஃபைல் கெட்டுடுச்சா?

ஒளிநாடா:
கெடலை. வி.எச்.எஸ். பிளேயர் டேப்பைப் படிக்கிற ஒரு ஹெட்டிலிருந்து அடுத்த ஹெட்டுக்கு மாறும்போது கடைசிச் சில கோடுகள்ல விழுறது அது. அந்தக் கால டி.வி.யில திரை ஓரம் சட்டத்துக்குள்ள மறைஞ்சதால யாரும் பார்த்ததில்ல. ஹேண்ட்பிரேக்ல கிராப்பை 'கஸ்டம்' ஆக்கி அடியில 10 வைங்க, போதலைன்னா 12. மூல ஃபைல்ல வெட்டாதீங்க, அனுப்புற காப்பியில மட்டும். அக்காவை டிரைவ்ல பிளே பண்ணிப் பார்க்க வேண்டாம்னு சொல்லுங்க, டவுன்லோட் பண்ணி பென் டிரைவ்ல போட்டு டி.வி.யில சொருகட்டும். டிரைவ் காட்டுற பிரிவியூ அது தனியா அமுக்கின காப்பி.